ஒன்றும் நேராத நாள்கள்

கொடைக்கானல் ஏரியைவிட, அதில் படகு விடுவோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் மூத்தது. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், மலையோடைகளின் நீரை அணையிட்டுத் தேக்கி, விண்மீன் வடிவில் ஏறத்தாழ 24 ஹெக்டேர் பரப்பில் இந்த ஏரியை உருவாக்கியது 1863இல். தூத்துக்குடியிலிருந்து இங்கு முதற்படகைக் கொண்டுவந்தவரும் அவரே. 1890இல் படகுக் கழகம் ஒன்று தோன்றியது. 1932 முதல் பொதுமக்களும் சுற்றுலாப் பயணியரும் அதன் படகுகளில் ஏறலாயினர். ஆனால் இந்தியத் தண்டனைச் சட்டமோ 1860இல் இயற்றப்பட்டு, 1862 சனவரி முதல் நாளன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் 282ஆம் பிரிவு படகைப் பற்றியது.

கூலிக்கு ஆளேற்றும் படகு, ஏறியவரின் உயிருக்கு ஆபத்து விளையும் அளவுக்குப் பழுதுற்றிருந்தாலோ மிகைப்பாரம் கொண்டிருந்தாலோ, அதை அறிந்தோ கவனமின்றியோ செலுத்துகிறவர் குற்றவாளி என்றது அப்பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 சூலை முதல் நாள் பாரதிய நியாய சம்ஹிதை நடைமுறைக்கு வந்தபின், அதே விதி 284ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அபராதம் மட்டும் ஐயாயிரமாக உயர்ந்திருக்கிறது. இதில் நாம் கருத வேண்டியது தண்டனையின் அளவன்று. யாரேனும் இறந்திருக்க வேண்டும் என்று இவ்விதி கேட்கவில்லை. படகு நலமாகக் கரை திரும்பி, ஏறியவர் அனைவரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போயிருந்தாலும் குற்றம் குற்றமே.

ஆயினும் நாளேடு படிக்கும் எவரும் அறிவர்: இத்தகைய விதிகள் பேச்சில் வருவது, உடல்கள் கரையில் கிடத்தப்பட்ட பின்னரே. நம் மனச்சான்றும் ஏறத்தாழ அப்படித்தான் பழகியிருக்கிறது. தீங்கு விளைந்தால் ‘யார் குற்றம்?’ என்று தேடுகிறோம். விளையாவிட்டால் ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று எழுந்து போகிறோம். ஒன்றும் நேராத நாளில் நாம் செய்த கவனக்குறைவுக்கு ஏதேனும் கணக்கு உண்டா? மனித இயல்பில் பிழை தவிர்க்க முடியாதது என்றால், பிழைக்குப் பொறுப்பு என்பது எங்கே தொடங்குகிறது? உல்லாசப் படகு போன்ற எளிய பொருளை வைத்தே இவ்வினாவைச் சற்று எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கோடை விடுமுறையில் பழனி மலைக்கு ஏறிவரும் குடும்பங்கள் பல, அதே பயணத்தில் கம்பம் பள்ளத்தாக்கு வழியாகத் தேக்கடிக்கும் செல்வது வழக்கம். பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை, 1895இல் ஒரு காட்டை நீரில் ஆழ்த்தியதால் உண்டான ஏரி அது. மூழ்கிய மரங்களின் பட்ட அடிமரங்கள் இன்றும் நீருக்கு மேல் கறுத்து நிற்கின்றன. நீர் அருந்த வரும் யானைகளையும் காட்டெருமைகளையும் படகிலிருந்தே காணலாம் என்பதுதான் அந்த இடத்தின் கவர்ச்சி. 2009 செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குப் படகு அங்கே கவிழ்ந்தது. 45 பேர் இறந்தனர். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் இருந்தனர். பயணியர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.

கரையில் விலங்குகள் தென்பட்டதும் மேல்தட்டில் இருந்தவர்கள் ஒரே பக்கமாக நகர்ந்தார்கள்; படகு சாய்ந்தது என்று பிழைத்தவர்கள் கூறினர். வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மேட்டில் ஏறும்போது எப்படி ஆடும் என்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாரம் தாழ இருந்தால், சாய்ந்த வண்டி தானே நிமிரும். பாரம் உயர உயர அந்த நிமிரும் ஆற்றல் குறையும். படகிலும் அவ்வாறே. அமிழும் பக்கத்தை நீர் மேல்நோக்கித் தள்ளி நிமிர்த்தப் பார்க்கும். ஆனால் மேல்தட்டில் நிற்கும் மனிதர்கள் கட்டிவைத்த மூட்டைகள் அல்லர். தட்டு சரியத் தொடங்கியதும், நகர விரும்பாதவர்களும் அப்பக்கமே சறுக்குகிறார்கள். பாரம் தானாகவே சரிவைத் தேடிப் போகிறது. அதன்பின் எவர் என்ன கட்டளையிட்டாலும் பயனில்லை.

பிழை யாருடையது? ஓடிப் பார்த்த பயணியருடையது என்று அன்று பலர் கூறினர். அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. விலங்குகளைக் காட்டுவதற்கென்றே ஓடிய படகு அது. காணவே பணம் கொடுத்து ஏறியவர்கள், காணக் கிடைத்ததும் அப்பக்கம் திரும்பினார்கள். ஒரு குழந்தை ‘அதோ யானை!’ என்று கூவினால் மற்றவர்கள் அசையாமல் அமர்ந்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பவர், மனிதரை அறியாதவர். அல்லது அறிய மறுத்தவர். பயணியரின் அந்த அசைவைப் பிழை என்றே கொண்டாலும், அது முன்கூட்டியே தெரிந்த பிழை. முன்கூட்டியே தெரிந்த பிழைக்கு இடம் விட்டுக் கட்டாத படகும், அமர வைக்காத நடைமுறையும், அணிவிக்காத ஜாக்கெட்டும் அதைவிடப் பெரிய பிழைகள் அல்லவா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் படகு நீரில் இறங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த வாரங்களில் அது சென்று சென்று நலமாகத் திரும்பியது. ஒவ்வொரு முறை திரும்பியபோதும், ‘படகு நல்ல படகு’ என்னும் எண்ணம் சிறிது சிறிதாக உறுதிப்பட்டிருக்கும். உண்மையில் ஒவ்வொரு முறையும் மெய்ப்பிக்கப்பட்டது ஒன்றே ஒன்று: இன்று எல்லோரும் ஒரே பக்கம் நகரவில்லை.

இந்த மயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1987 மார்ச் 6ஆம் நாள் மாலை, பெல்ஜியத்தின் சேபுருகே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட ‘ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ என்னும் கப்பல், துறைமுக வாயிலைத் தாண்டியதும் கவிழ்ந்து 193 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நாளிதழ் ஒன்று அறிவித்த மலிவுச் சீட்டில் ஒரு நாள் உல்லாசமாகக் கடல் கடந்து சென்று வந்தவர்கள் பலர் அதில் இருந்தனர். வண்டிகளை ஏற்றிய முன்கதவு திறந்தபடியே கப்பல் புறப்பட்டிருந்தது. கதவை மூட வேண்டியவர் தம் அறையில் உறங்கிவிட்டார். இவ்வளவே தெரிந்திருந்தால், உறங்கியவர் தலையில் 193 உயிர்களின் பழியையும் சுமத்திவிட்டு நாம் அமைதியாகியிருப்போம்.

நீதிபதி ஷீன் நடத்திய விசாரணை அத்துடன் நிற்கவில்லை. மேல்தளத்திலிருந்து கப்பலைச் செலுத்தும் தலைவருக்குக் கதவு கண்ணில் படாது. குறை இருந்தால் சொல்வார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் சரி என்பதே அங்கிருந்த நடைமுறை. கதவு மூடப்பட்டதைக் காட்ட ஒரு சிறு விளக்கு வைக்கலாகாதா என்று கப்பல் தலைவர்கள் முன்பே நிறுவனத்திற்கு எழுதிக் கேட்டிருந்தார்கள்; அலுவலகத்தில் அது ஏளனத்துடன் ஒதுக்கப்பட்டது. இவை யாவற்றினும் என் உள்ளத்தை உறுத்துவது மற்றொரு செய்தி. 1983 அக்டோபரில் அதே நிறுவனத்தின் உடன்பிறப்புக் கப்பல் ஒன்று, அதே போல் ஒருவர் உறங்கிவிட்டதனால், கதவுகள் திறந்தபடியே கடலுக்குச் சென்றிருந்தது. அன்று ஒன்றும் நேரவில்லை. அந்த ‘ஒன்றும் நேரவில்லை’ என்பதற்குப் பதிலாக ஒரு விளக்கு வந்திருந்தால்! 193 பேர் இறந்தபின் சில நாள்களுக்குள் அந்த விளக்குகள் பொருத்தப்பட்டன.

உறங்கியவர் செய்ததை நம் ஒழுக்க இறையியல் எப்படி அளக்கும்? முழு அறிவும் முழு விருப்பமும் இருந்தாலன்றிச் சாவான பாவம் இல்லை என்று நாம் சிறுவயது முதல் கற்றிருக்கிறோம். களைத்து உறங்கியவரிடம் அவ்விரண்டும் இல்லை. துடுப்பு நழுவியவரிடம் இல்லை. திசை தவறாகக் கணித்தவரிடம் இல்லை. 1990இல் மனிதப் பிழையைப் பற்றி நூல் எழுதிய ஆங்கில உளவியலார் ஜேம்ஸ் ரீசன், கைதவறுதல், மறதி, தவறான கணிப்பு, விதிமீறல் என்று பிழைகளைப் பிரித்துக் காட்டினார். மீறலைத் தவிர மற்றவை எவரும் வேண்டுமென்று செய்பவை அல்ல. மேலும், கடைசியில் கைதவறுகிறவர் விபத்தை உண்டாக்குகிறவர் என்பதைவிட, மேலிருந்தவர்கள் முன்பே விட்டுவைத்த ஓட்டைகளின் வாரிசு என்பதே பொருந்தும் என்பது அவர் கருத்தின் சாரம். ஆலைகளையும் விமானங்களையும் ஆராய்ந்து அவர் சொன்னதை, பங்குப் பணியில் பலருடைய வீழ்ச்சிகளைக் கேட்டிருக்கும் குருக்களும் தம் வழியில் அறிவர். பிழை நேரும் அந்தக் கணத்தில் பெரும்பாலும் பாவம் இருப்பதில்லை. பாவம் இருந்தால், அது வெகு முன்னரே, கைகள் பதறாத நேரத்தில், ஒரு மேசையருகில், ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்லப்பட்ட இடத்தில் இருக்கும்.

பழைய ஏற்பாட்டுச் சட்டங்களில் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பது இங்கே உதவும். விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில், முட்டிக் கொல்லும் மாட்டைப் பற்றிய சட்டம் இருக்கிறது. முன்பு முட்டியறியாத மாடு ஒருவரைக் கொன்றால் மாடு கொல்லப்படும், உரிமையாளர் குற்றமற்றவர். ஆனால் அது முட்டும் மாடு என்று எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காதவர், தம் உயிரால் பதில் சொல்ல வேண்டும். அறிந்தபின் வரும் பொறுப்பு இது. முதல் முறைக்கு மன்னிப்பு உண்டு.

இணைச்சட்டத்தின் 22ஆம் அதிகாரச் சட்டமோ வேறு. புதிதாக வீடு கட்டுகிறவர் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் யாரேனும் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின் மேல். இங்கே முதல் முறைக்கு மன்னிப்பு இல்லை. ஒருவர் விழுந்து காட்டும்வரை காத்திருக்க உரிமையும் இல்லை. மாட்டின் குணம் மாட்டுக்கு மாடு வேறுபடும். மனிதர் விளிம்பில் தடுமாறுவர் என்பது எல்லாருக்கும் எப்போதும் தெரிந்தது. விழுகிறவர் கவனமாக நடந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் வாதாடவில்லை. குடித்துவிட்டு ஏறியவரா, விளையாட்டுப் பிள்ளையா என்றும் வினவவில்லை. தடுமாறுகிறவருக்காகவே சுவர்.

படகுக்குரிய சட்டம் எது? பலர் அதை மாட்டுச் சட்டமாகவே நடத்துகிறார்கள். ஒருமுறை முட்டியபின் கட்டலாம் என்பது அவர்கள் கணக்கு. தேக்கடியில் 2009க்குப் பின்னரே லைஃப் ஜாக்கெட் கட்டாயமாயிற்று. படகு கைப்பிடிச் சுவர்ச் சட்டத்திற்கு உரியது என்பேன். மனிதர் எழுந்து நிற்பர், ஒரு பக்கம் சாய்வர், ‘இன்னும் ஒருவர்தானே’ என்பர் என்பதை அறிய எந்த விசாரணை ஆணையமும் தேவையில்லை.

விவிலியத்தில் கடற்பயணத்தின் பிழையை மிக நுட்பமாகச் சொல்லும் பகுதி, திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம். பருவம் தவறிவிட்டது, இனிப் பயணம் ஆபத்து என்று பவுல் எச்சரிக்கிறார். நூற்றுவர் தலைவரோ, கைதியின் சொல்லைவிடக் கப்பலோட்டியின் சொல்லையும் கப்பல் உரிமையாளரின் சொல்லையும் நம்புகிறார். இதில் தவறு காண்பதும் எளிதன்று; தொழில் அறிந்தவரை நம்புவதுதானே அறிவுடைமை? தங்கியிருந்த துறையோ குளிர்காலத்திற்கு வசதியற்றது. அப்போது தென்றல் மெல்ல வீசுகிறது. அவ்வளவுதான். எண்ணியது கைகூடியது என்று நங்கூரம் தூக்குகிறார்கள். புயலைப் பற்றி லூக்கா எவ்வளவோ எழுதுகிறார். எனக்கு அந்த மென்காற்றைப் பற்றிய குறிப்பே அச்சம் தருகிறது. கப்பல் உடைந்தது, ஏறியிருந்த 276 பேரும் பிழைத்தார்கள். எல்லோரும் பிழைத்தமையால் கப்பலோட்டி சொன்னது சரிதான் என்று லூக்கா எழுதவில்லை. பவுல் தாமும், என் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும் என்று புயலின் நடுவிலேயே சொல்லத் தயங்கவில்லை.

மகிழ்ச்சிப் பயணத்தில் இந்த மென்காற்று இன்னும் வலியது. வள்ளுவர் தம் 54ஆம் அதிகாரத்திற்குப் ‘பொச்சாவாமை’ என்று பெயரிட்டார். உவகை மிகுதியில் வரும் மறதி, அளவு கடந்த சினத்தைவிடத் தீயது என்னும் கருத்துடன் அவ்வதிகாரம் தொடங்குகிறது. அரசர்க்குச் சொன்னதாயினும், படகுத் துறையில் எழுதிவைக்கத் தக்கது. சினம் கொண்டவனைக் கண்டு அருகிலுள்ளவர்கள் எச்சரிக்கை அடைவர். மகிழ்ச்சியில் மறந்தவனோ மற்றவர்களையும் மறக்கச் செய்வான். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவில் கவனக்குறைவைத் தனியொரு பாவமாக ஆராய்கிறார்; அதுவும் 54ஆம் வினாவே. எண் ஒத்தது தற்செயல்தான். ஆயினும் எனக்கு அதில் ஒரு சிறு மகிழ்ச்சி. ‘நெக்லிஜென்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லைத் ‘தேர்ந்துகொள்ளாதவன்’ என்று பொருள்படும்படி பிரித்துக் காட்டும் பழைய விளக்கத்தை அவர் எடுத்தாள்கிறார். மொழியியலார் அந்தப் பிரிப்பை ஏற்பாரோ என்னவோ, பொருள் ஆழமானது. கவனமற்றவன் தீமையைத் தேர்ந்தவன் அல்லன். தேர்ந்துகொள்ள வேண்டிய ஒன்றைத் தேராமல் விட்டவன். திருப்பலியின் தொடக்கத்தில் சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு, செய்யாமல் விட்டதையும் நாம் அறிக்கையிடுகிறோம். அந்த நான்காவதுக்கு வரும்போது குரல் தாழ்ந்துவிடுவதைப் பல கோவில்களில் கேட்டிருக்கிறேன்.

இனி கொடைக்கானல் ஏரிக்கு வருவோம். சமவெளியிலிருந்து வருகிறவருக்கு அது பார்க்கச் சாதுவான நீர். அலை இல்லை, சுழல் இல்லை. கரையைச் சுற்றிக் குதிரைகளும் மிதிவண்டிகளும் மக்காச்சோளம் சுடுவோரும். ஆனால் கடல் மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள நீர் அது. குளிர்நீரில் திடீரென விழுகிறவர் முதலில் தன்னையறியாமல் ஒருமுறை பலமாக மூச்சை உள்ளிழுப்பார். அந்தக் கணத்தில் முகம் நீருக்குள் இருந்தால், காற்றுக்குப் பதில் நீர் உள்ளே போகும். ஊர்க் கிணற்றில் நன்கு நீந்தியவர் என்பது அந்த முதல் நிமிடத்தில் உதவாது. கைவிரல்களும் விரைவில் வலுவிழக்கும். ஆகவே, ‘படகில் இருக்கிறது, தேவைப்பட்டால் போட்டுக்கொள்வோம்’ என்று காலடியில் வைத்த லைஃப் ஜாக்கெட், வீட்டில் வைத்ததற்குச் சமம். கொக்கிகள் மாட்டாமல் தோளில் தொங்கவிட்டதும் அப்படியே. நீரில் விழுந்ததும் அது மேலே மிதக்கும், மனிதர் கீழே போவார். பெரியவருக்கு உரியதைக் குழந்தைக்கு மாட்டினால் தலை வழியே கழன்றுவிடும். பகலில் மளமளவென இறங்கும் மூடுபனியையும், பிற்பகலில் இடியோடு வரும் கோடைமழையையும் கூட்டிக்கொண்டால், சாது நீர் என்ற பெயர் நிலைப்பதில்லை.

இவை எல்லாம் தெரியாமல் செய்கிறவரை அறியாமை காக்கும். தெரிந்துகொள்ளக் கூடியதைத் தெரிந்துகொள்ள மறுப்பவரை அது காப்பதில்லை. ஜாக்கெட்டைக் கழற்றுவதற்குப் பயணியர் சொல்லும் காரணங்கள் மனித இயல்பின் ஒரு சிறு அருங்காட்சியகம். முந்தியவரின் ஈரம் அதில் இருக்கிறது; வாடை அடிக்கிறது; பட்டுச் சேலையைக் கசக்குகிறது; புகைப்படத்தில் நன்றாக இராது. இவற்றில் ஒன்றையும் நான் பழிக்கவில்லை. ஈரமான ஜாக்கெட்டை யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் இதையும் முன்கூட்டியே அறியலாம். போதிய எண்ணிக்கையில், உலர்த்தி, குழந்தைகளின் அளவிலும் வைத்திருப்பது படகு விடுகிறவரின் கைப்பிடிச் சுவர்.

அதைவிடக் கடினமானது ‘முடியாது’ என்று சொல்வது. ஐவருக்குரிய படகில் அறுவர் குடும்பமாக வந்து நிற்கும். ஆறாவது, பாட்டியின் மடியில் உட்காரும் குழந்தை. மறுத்தால் சினம், மேலாளரிடம் முறையீடு, அன்றைய சவாரியும் பக்கத்துப் படகுக்குப் போய்விடும். ஏப்ரல், மே இரண்டு மாதச் சம்பாத்தியத்தை நம்பி ஆண்டைக் கடத்துகிற தொழிலாளி அவர். ‘முடியாது’ என்ற சொல்லுக்கு அவர் மட்டும் விலை கொடுக்கும்படி வைத்துவிட்டு, அவர் அதைச் சொல்லவில்லை என்று பின்னர் குற்றம் சாட்டுவது எவ்வளவு நேர்மையற்றது! சவாரியை மறுத்த நாளுக்கும் கூலி குறையாது என்று உரிமையாளர் ஏற்பாடு செய்தால், அந்த ஏற்பாடே பாதி ஜாக்கெட்டுக்குச் சமம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இல் படகுப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உள்நாட்டுக் கலங்களுக்கு 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2021இல் புதுச் சட்டம் வந்தது. நெறிகளுக்குக் குறைவில்லை. துறையில் நின்று மறுக்கிறவருக்குத் துணை நிற்பவர் யார் என்பதே கேள்வி.

எச்சரிக்கைகளுக்கும் குறைவிருந்ததில்லை. 2011ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு நாளன்று பழவேற்காடு ஏரியில் இன்பப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். காலையில் திருநாள் வாழ்த்துச் சொன்ன வாய்களே மாலையில் ஒப்பாரி வைத்தன. 2014 குடியரசு நாளன்று அந்தமானில் போர்ட் பிளேர் அருகே கவிழ்ந்த சுற்றுலாப் படகில் 21 பேர் இறந்தனர். காஞ்சிபுரத்திலிருந்து சென்றவர்கள் அவர்களுள் பலர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத் தானூரில், மீன்பிடிப் படகாய் இருந்து உல்லாசப் படகாய் மாற்றப்பட்ட கலம், இருட்டிய பின்னும் மிகைக்கூட்டத்தோடு சென்று கவிழ்ந்து 22 உயிர்களைக் குடித்தது. 2024 சனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவரும் 2 ஆசிரியைகளும். இடங்கள் மாறுகின்றன, மிகைப்பாரமும் அணியாத ஜாக்கெட்டுமே திரும்பத் திரும்ப வருகின்றன.

அடக்கச் சடங்குகளில், ‘அவர்கள் நேரம் வந்துவிட்டது’ என்றும், ‘ஆண்டவர் அழைத்துக்கொண்டார்’ என்றும் நம் மக்கள் சொல்வதைக் கேட்கிறோம். துயரத்தில் உள்ளவர் தம் வாயால் சொல்லும்போது அது செபம்; அதைத் திருத்துவது குருவின் வேலையன்று. ஆனால் படகின் உரிமையாளரோ, உரிமம் வழங்கிய அலுவலரோ, அழைத்துச் சென்றவரோ அதே சொல்லைச் சொன்னால், எண்ண மறந்த தலைகளின் கணக்கை இறைவன் பெயரில் எழுதுவதாகும்.

இன்னொரு கேள்வி இதனினும் கடினம். 1976இல் பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் இரு மெய்யியலார், ஒருவருடைய ஒழுக்கத்தின் அளவில் நற்பேறுக்கும் பங்கு உண்டா என்னும் வினாவை எழுப்பினர். நம் சூழலில் அதை இப்படி வைக்கலாம். இரண்டு தாயார். இருவரும் ஒரே நாளில், ஒரே ஏரியில், அழுத பிள்ளையின் ஜாக்கெட்டைக் கழற்ற அனுமதித்தார்கள். ஒருத்தியின் பிள்ளை கரை வந்து மக்காச்சோளம் கேட்டது. மற்றவளின் பிள்ளை வரவில்லை. இருவர் செய்ததும் ஒன்றே. ஆனால் ஊர் ஒருத்தியைத்தான் சுட்டுகிறது. சட்டமும் அவளைத்தான் விசாரிக்கும். அவளும் தன்னையே விடாமல் விசாரித்துக்கொண்டிருப்பாள்.

சட்டம் அவ்வாறு செய்வதை நான் புரிந்துகொள்கிறேன். அதற்கு உள்ளங்கள் தெரியா, உடல்களே தெரியும். இறைவனின் பார்வை அப்படியன்று என்பது நம் நம்பிக்கை. அந்தப் பார்வையில் இரு தாயாரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள் என்றால், அதிலிருந்து நாம் முதலில் பெற வேண்டியது எது? பிள்ளையை இழந்தவளின் குற்றம் ஊர் நினைப்பதைவிடச் சிறியது என்பது. அவளைச் சுடுவது பெரும்பாலும் துயரமே, பாவம் அன்று. அவளிடம் செல்கிறவர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒருமுறைக்கு மேலும் சொல்ல வேண்டும். அடுத்ததைப் பெற நமக்கு மனம் வருவதில்லை. கரை திரும்பியவளின் கவனக்குறைவு, அவள் நினைப்பதைவிடப் பெரியது. அவள் என்பது இங்கே நம்மில் மிகப் பெரும்பாலோர். பேருந்தின் படிக்கட்டில் தொங்கியும், மூவராய் ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறியும், நிரம்பிய படகில் ‘தள்ளி உட்காருங்கள்’ என்று இடம் பிடித்தும், மாலையில் வீடு வந்து சேர்ந்தவர்கள் நாம். மனச்சான்று ஆய்வில் அந்த நாள்கள் ஒருபோதும் வருவதில்லை. அன்று யாரும் அழவில்லை, ஆகவே நினைவில்லை.

அப்படியானால் வாழ்வே அச்சமாகிவிடாதா, குழந்தைகளைப் படகில் ஏற்றவே கூடாதா என்று கேட்கலாம். ஐயத்திலேயே உழலும் மனச்சான்றை நான் விரும்புகிறவன் அல்லன். மூடுபனி விலகிய காலையில் அந்த ஏரியின் நடுவில் துடுப்பை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது, இறைவன் தந்த நல்ல கொடைகளுள் ஒன்று. கைப்பிடிச் சுவர் கட்டச் சொன்ன சட்டம் மொட்டைமாடிக்கு ஏறாதே என்று சொல்லவில்லை. ஏறி நிலவில் உட்காருவதற்காகவே சுவர்.

2007 பிப்ரவரி 20 அன்று, கேரளத்தின் தட்டேக்காட்டில், இளவூர் புனித அந்தோணியார் பள்ளியிலிருந்து சுற்றுலா சென்ற 15 குழந்தைகளும் 3 ஆசிரியைகளும் படகு கவிழ்ந்து இறந்தனர். நம் பங்குகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் ஆண்டுதோறும் மே மாதத்தில் பேருந்துகள் மலையேறும். மறைக்கல்வி மாணவர், பீடச் சிறுவர், பாடகர் குழு, மாதா சபையார். ஏற்பாடு செய்வோர் சாப்பாட்டையும் செபமாலையையும் வரும் வழியில் பார்க்க வேண்டிய கோவில்களையும் பற்றி நன்றாகவே கலந்து பேசுவார்கள். படகைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ‘போன வருடமும் போனோமே, ஒன்றும் ஆகவில்லை’ என்று ஒருவர் சொல்வார், பேச்சு முடிந்துவிடும். அந்த இடத்தில்தான் யாரேனும் ஒருவர் பேச்சை முடிய விடாமல், நீந்தத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், ஒரு படகுக்கு எத்தனை பேர், சிறுவர் அளவு ஜாக்கெட் அங்கே இருக்குமா, இல்லையென்றால் படகுக்குப் போகாமல் திரும்பலாம் என்று தீர்மானிக்கிறவர் யார் என்று கேட்டு, அந்தப் பெயரைப் பேருந்துப் பட்டியலின் அடியிலேயே எழுதி வாங்க வேண்டும்.